மடிநாய்

பஞ்சு குரைக்கவில்லை.

யமுனா கேட்டைத் திறந்து, காப்பிச் செடிகளுக்கு நடுவே போன சிமெண்டுப் பாதையில் ஏறி வந்து, வாசற்படியில் செருப்பைக் கழற்றும்வரை அந்த நாய் கதவருகே உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு தரையைக் கூட்டும் வெள்ளை முடி அசைய எழுந்து வந்து, அவளுடைய இடது பாதத்தின்மேல் ஏறி அப்படியே உட்கார்ந்துகொண்டது. வேறு யாராக இருந்தாலும் 'அடடா, எவ்வளவு செல்லம்' என்று அள்ளித் தூக்கியிருப்பார்கள். யமுனாவுக்கு அது சரியாகப் படவில்லை.

அவளுக்கு லாசா ஜாதியைத் தெரியும். நாமக்கல்லில் ஒரு நாய் பார்லரில் ஆறு வருடமாக முடி வெட்டி, குளிப்பாட்டி, நகம் நறுக்கிப் பிழைப்பவள். பொமரேனியன் எல்லாரையும் பார்த்துக் கத்தும், கத்திவிட்டு வாலாட்டும். பக் யார் கொடுத்தாலும் தின்னும். லாசா அப்படிப்பட்ட ஜாதி இல்லை. எங்கோ பனிமலை மடங்களுக்குள்ளே காவலுக்கென்று வளர்த்தது. வாசலைப் பெரிய நாய் பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள்ளே நடமாடுவது யார் என்று இது பார்க்கும். உயரம் என்னவோ ஒரு முழம்தான், ஆனால் புது ஆளை ஒரு மாதம் ஆனாலும் கிட்டே சேர்க்காது. பழகிய ஆளின் காலில் மட்டும்தான் இப்படி வந்து உட்காரும்.

"பாத்தியா, உன்னப் புடிச்சுப் போச்சு கண்ணு" என்றாள் ஜெயசுதா.

ஜெயசுதா யமுனாவின் அக்கா. பதினொரு வயது மூத்தவள். அம்மா செத்தபோது யமுனாவுக்கு ஆறு வயது. தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தங்கையைப் படிக்கவைத்தவள் இவள்தான். மூன்று வருடமாகக் கொல்லிமலையில், செம்மேட்டைத் தாண்டித் திண்ணனூர் நாட்டுப் பக்கம் இருந்த இந்த ஓட்டு வீட்டில் வேலை. சொந்தக்காரி ராதிகா மேடம் பெங்களூரில் இருந்தாள். வருடத்துக்கு இரண்டு தடவை காலையில் காரில் வந்து மதியத்துக்குள் இறங்கிவிடுவாள். மற்றபடி வீடும் நாயும் அக்காவின் பொறுப்பு. இப்போது அக்காவின் மகள் அருணாவுக்குச் சேலத்தில் தலைப்பிரசவம். பத்தே பத்து நாள் வந்து நாயைப் பார்த்துக்கொள் என்று அக்கா போனில் அழுதாள். அக்கா கேட்டு யமுனா எதை மறுத்தாள்? ஏழு வயது மகள் சங்கீதாவை அடிவாரத்தில் காரவள்ளியில் மாமியாரிடம் விட்டுவிட்டு, பார்லரில் லீவு சொல்லிவிட்டு, எழுபது வளைவும் ஏறி வந்துவிட்டாள்.

வீடு முழுக்க பினாயில் வாடை. அக்கா ஊருக்குப் போகும் அவசரத்திலும் மூலைமுடுக்கெல்லாம் கழுவியிருந்தாள். கொடியில் அவள் துணி ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஹேர்பின் இல்லை. மூன்று வருடம் ஒரு பெண் குடியிருந்த வீடு என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அக்காவின் மேலிருந்துகூட அவளுக்கே உரிய தேங்காயெண்ணெய் வாசனை வரவில்லை. ஆஸ்பத்திரி சோப்பு மணத்தது.

"அஞ்சு மணிக்குச் சீவி உடோணும். நடு ரூம்பு நாற்காலியில உக்காந்து, மடியில வெச்சு. மத்ததெல்லாம் உனக்கே தெரியும். அஞ்சு மணி மட்டும் தப்பக்கூடாது சாமி."

"அஞ்சேகால் ஆனா நாய் கோவிச்சுக்குமா?" என்று சிரித்தாள் யமுனா.

அக்கா சிரிக்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். மூன்று வருடம் சோறு போட்டவள் போகிறாள். பஞ்சு தலையைக்கூடத் திருப்பவில்லை. அக்காவும் அதைத் தொடவில்லை. யமுனாவை மட்டும் இறுகக் கட்டிக்கொண்டு, அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிரசவ பயம் என்று யமுனா முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கேட்டைத் தாண்டியதும் அக்கா நடக்கவில்லை, ஓடினாள். பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

நான்கரைக்கெல்லாம் மேகம் இறங்கியது. கார்த்திகை மாதத்தில் அங்கே அப்படித்தான். சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும், கேட்டும், பாதையும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஓட்டிலிருந்து ஈரம் சொட்டும் சத்தம் மட்டும் வீட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. ஐந்து மணிக்கு யமுனா நடு அறைக்குப் போனாள். ஜன்னலுக்கு எதிரே பழைய பிரம்பு நாற்காலி. உட்கார்ந்தாள். மெத்து மெத்தென்று இருந்தது. யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோலக் கதகதப்பாகவும் இருந்தது. பஞ்சு படுத்திருந்திருக்கும் என்று நினைத்து அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

லாசா முடியை உலர்ந்தபடி சீவினால் ஒடிந்துபோகும். தண்ணீரில் துளி கண்டிஷனர் கலந்து தெளித்து, அடி வயிற்றிலிருந்து ஒவ்வொரு அடுக்காகத் தூக்கி, நுனியில் தொடங்கி வேர்வரை வரவேண்டும். காதுக்குப் பின்னாலும் கக்கத்திலும்தான் சிக்கு விழும். அங்கே சீப்பை வைத்தாள். சிக்கே இல்லை. முதுகுத்தண்டின் மேலே வகிடு நூல் பிடித்ததுபோல நேராக ஓடியது. பார்லரில் அவளுக்கே கை வராத வகிடு. அக்காவுக்கு நாய்ச் சீப்பைப் பிடிக்கவே தெரியாதே? பழகிக்கொண்டிருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள்.

சீப்பில் வந்த முடியைச் சுருட்டும்போது ஒரே ஒரு முடி சுருளாமல் நின்றது. பஞ்சின் முடி ஒரு சாண். இது ஒரு முழத்துக்கு மேல் இருந்தது, வெள்ளையாக.

மறுநாளும் அப்படித்தான். பகலெல்லாம் பஞ்சு நல்ல நாய். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சுத் துண்டை நனைத்துக் கண்ணோரம் துடைத்தால் ஆடாமல் நிற்கும். கழுத்துப்பட்டை போட்டால் மூச்சு முட்டும் ஜாதி என்பதால் மார்பைச் சுற்றி மாட்டும் வாரில் கட்டி அழைத்துப் போனால் பத்தடி நடந்துவிட்டு 'போதும், தூக்கு' என்று மகாராணிபோல நிற்கும். நாய்க்கு வாய்த்த வாழ்வைப் பார் என்று யமுனா அதைத் திட்டிக்கொண்டே தூக்குவாள். ஆனால் மேகம் இறங்கியதும் அது வேறு நாய். வாசல் பக்கம் திரும்பவே திரும்பாது. நடு அறைக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொள்ளும். உறுமாது. வாலை மெதுவாக, மிக மெதுவாக ஆட்டும்.

இரண்டாம் நாள் மாலை சீவிக்கொண்டிருக்கும்போதே யமுனா தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கம் அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில்லை. தலை கனத்து, கழுத்து சாய்ந்து, யாரோ தாங்குவதுபோன்ற சுகம். விழித்தபோது ஆறு மணி. பஞ்சு மடியில் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, பால் கொண்டுவரும் மாரி கேட்டுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தாள். அவள் ஒருநாளும் உள்ளே வருவதில்லை. பாத்திரத்தைக் கம்பி வழியாக வாங்கிக்கொண்டு ஊற்றிக்கொடுத்தாள்.

"பின்னல் நல்லா இருக்குதுங்க" என்றாள். "உங்க அக்காளுக்கும் இதே பின்னல்தானுங்க."

"எந்தப் பின்னலுங்க?"

மாரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். யமுனா பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். அவள் எப்போதும் கொண்டைதான் போடுவாள். நேற்றும் கொண்டைதான் போட்டிருந்தாள். கையில் தட்டுப்பட்டது ஐந்து கால் பின்னல். நெருக்கமாக, ஒரு முடி பிசிறாமல், நுனிவரை. அவளுக்கு ஐந்து கால் பின்னல் போடத் தெரியாது.

தூக்கத்தில் நானே போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தாள். நினைப்பு நிற்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடு அறைக்குப் போனாள். கையில் வேலை இருந்தால் பயம் குறையும். கூட்டுவதற்காக நாற்காலியை நகர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்காலியில் மெத்தை இல்லை. மெத்தை இருந்ததே இல்லை. உட்காரும் இடத்தில் பிரம்பு அறுந்து, ஒரு பெரிய ஓட்டை. ஓட்டை வழியாகத் தரையின் சிவப்புக் காவி தெரிந்தது. அதில் யாரும் உட்கார முடியாது. உட்கார்ந்தால் விழுந்துவிடுவார்கள்.

இரண்டு மாலை அவள் உட்கார்ந்திருந்தது எதன்மேல்?

அக்காவுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அருணாவுக்கு வலி கண்டிருக்கும், அக்கா பாவம், அவளைப் போய் இதைச் சொல்லிப் பயமுறுத்துவதா என்று அப்போதும் யமுனா அக்காவுக்காகத்தான் இரங்கினாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். மதியம்வரை சமையலறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மூன்றே முக்காலுக்கு, சும்மா இருக்க முடியாமல், பஞ்சின் படுக்கையைத் துவைக்க எடுத்தாள்.

உறையைப் பிரித்தாள். மேலாக இருந்தது ஒரு நைட்டி. பச்சையில் மஞ்சள் பூ.

அவளுடைய நைட்டி.

தீபாவளியன்று காணாமல் போனது. அக்கா காலையில் காரவள்ளிக்கு வந்துவிட்டு, சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியும் இருக்காமல் மதியப் பஸ்ஸுக்கே ஓடினாளே, அன்றைக்கு. அழுக்குக் கூடையில் கிடந்த, துவைக்காத நைட்டி. நாய் ஒன்று கை மாறப்போகிறது என்றால் பதினைந்து நாள் முன்னதாகவே புது ஆளின் துவைக்காத துணியை அதன் படுக்கையில் போடவேண்டும், பழைய ஆளின் வாசனையை வீட்டிலிருந்து சுத்தமாகக் கழுவிவிடவேண்டும். பார்லருக்கு வருகிற எல்லாருக்கும் யமுனா சொல்லும் பாடம் இது. புரட்டாசியில் அக்காவும் கேட்டாள். 'ஒராள்கிட்டயே ஒட்டிக் கெடக்கறத இன்னொராளுக்கு எப்படி மாத்தறது கண்ணு?' அக்காவுக்குக்கூடத் தன்னிடம் கேட்க ஒரு விஷயம் இருக்கிறதே என்று பூரித்துப்போய் அரை மணி நேரம் விளக்கினாள்.

நைட்டிக்குக் கீழே அக்காவின் ரவிக்கை, நைந்து தட்டையாகி. அதற்குக் கீழே யாருடையதோ ஒரு தாவணித் துண்டு. அதற்கும் கீழே ஒரு வாயில் புடவை. அதற்கும் கீழே நிறமே போன ஏதோ ஒன்று. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பையை எடுத்தாள். செருப்பை மாட்டவில்லை. காப்பிப் பாதையில் ஓடினாள். பஞ்சு கேட்வரை வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போதும் குரைக்கவில்லை.

ரோட்டில் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. பஸ் நிற்கும் பலாமரத்தடியில் ஒருவரும் இல்லை. நாலேகால். செம்மேட்டுப் பஸ் நாலரைக்கு. மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது. அக்கா.

"என் நைட்டி இங்க எப்படி வந்துச்சு?"

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரைச்சல். யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பாத்துட்டியா" என்றாள் அக்கா. "நீ எங்க நிக்கற?"

"ரோட்டுல. பஸ்ஸுக்கு."

"ஏறாத சாமி."

"ஏறாம? அந்த நாற்காலியில என்ன இருக்குதுன்னு தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

"நாயி சும்மா தொணைக்கு இருக்குது. நாயி எந்த வாசனையில படுக்குதோ, அந்த வாசனைக்காரங்களை நாற்காலியில இருக்கறது புடிச்சுக்குது. நான் மூணு வருசம் உக்காந்தேன் கண்ணு. அருணா கல்யாணத்துல தாலி கட்டுனதும் பந்தியில கூட உக்காராம ஓடுனனே, எல்லாரும் காறித் துப்புனீங்களே, எதுக்கு ஓடுனேன்? அஞ்சு மணிக்கு உக்காரோணும்."

"உக்காரலீன்னா?"

அக்கா இரைச்சலை விட்டுத் தள்ளி வந்தாள்.

"ஒரு நாள் உட்டுட்டேன். அருணா ஊட்டுலயே தங்கிட்டேன். என்னைத் தேடிக்கிட்டு அங்க வந்துருச்சு. என்னைத் தொடல. காலையில அருணா எந்திரிச்சா தலை பூரா ஈரம். அஞ்சு கால் பின்னல். யார் போட்டதும்மான்னு சிரிக்கறா. அப்ப அவ ரெண்டு மாசம்." அக்கா மூக்கைச் சிந்தினாள். "எளசா ஒண்ணு பக்கத்துல இருந்தா அதைத்தான் எடுத்துக்கும் போல. நான் என்ன பண்ணட்டும்? வவுத்துப் புள்ளையோட அவளைக் குடுக்கட்டுமா?"

"அதுக்கு என்னைக் குடுத்தியா?"

"நீதான் சொல்லிக் குடுத்த, எப்படி மாத்தறதுன்னு."

ஒரே தட்டில் சோறு தின்று, ஒரே போர்வையில் படுத்து வளர்ந்தவள். கழுத்தில் முகம் புதைத்து அழுதாளே, அப்போதே எல்லாம் தெரிந்துதானே அழுதாள்? கூட இருந்தே குழி பறித்துவிட்டு, அந்தக் குழியை வெட்டவும் என்னிடமே பாடம் கேட்டாளே என்று நெஞ்சு வெந்தது.

"உனக்கும் ஒரு புள்ள இருக்குது கண்ணு" என்றாள் அக்கா. "சங்கீதாவுக்கு இடுப்புக்குக் கீழ வரைக்கும் முடி. நீ ஊட்டுக்குப் போனா, அது வரும். பஸ் ஏறாத."

"அக்கா."

"முரண்டு புடிக்காம உக்காந்தா நோவிக்காது."

துண்டித்துவிட்டாள். மறுபடி அழைத்தபோது போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மேகத்துக்குள்ளிருந்து இரண்டு மஞ்சள் விளக்கு வந்தது. பஸ் நின்றது. உள்ளே சனம் இருந்தது, வெளிச்சம் இருந்தது, வாழைப்பழ வாசனையும் டீசல் வாசனையும் இருந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்க, ஏறுங்க. இதை உட்டா நாளைக்குத்தானுங்க."

யமுனா கம்பியைப் பிடித்தாள். ஒரு காலை வைத்துவிட்டாள். ஏழு மணிக்குள் காரவள்ளி. சங்கீதா ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள். இரவு அவள் பக்கத்தில் படுப்பாள். அந்த நீண்ட முடி தலையணையில் விரிந்து கிடக்கும்.

காலை எடுத்துக்கொண்டாள்.

"போங்க" என்றாள். "நான் வரல."

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது கேட்டைத் திறந்தாள். பஞ்சு முன்னால் நடந்தது. பாதை தெரியவில்லை, அதன் வெள்ளை முடி மட்டும் தெரிந்தது. நடு அறை. ஜன்னல். நாற்காலி. ஓட்டை தெரிந்தது. தெரிந்தும் உட்கார்ந்தாள்.

விழவில்லை.

கதகதப்பாக இருந்தது.

பஞ்சு மடியில் ஏறவில்லை. எதிரே உட்கார்ந்தது. வாலை மெதுவாக ஆட்டியது.

பிடரியில் தண்ணீர் தெளித்தது. சில்லென்று. பின்னல் அவிழ்ந்தது. ஒவ்வொரு காலாக. யாரும் அவசரப்படவில்லை. பிறகு சீப்பு. நுனியிலிருந்து. அடுக்கடுக்காகத் தூக்கி. சிக்கு வந்த இடத்தில் நின்று, விரலால் பிரித்து, மறுபடி. வலிக்கவே இல்லை. தொழில் தெரிந்த கை.

"எங்கூட்டுக்குப் போயிராத" என்றாள் யமுனா. குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நான் இங்கயே இருக்கறேன். எம்புள்ளகிட்டப் போயிராத."

சீப்பு நின்றது.

மூச்சு எதுவும் கேட்கவில்லை. ஓட்டிலிருந்து சொட்டும் ஈரம் மட்டும்.

மறுபடி சீவத் தொடங்கியது.

அவள் அழுதுகொண்டிருந்தாள். ஈரப் பஞ்சுத் துண்டு ஒன்று கண்ணோரத்தைத் துடைத்தது. வலது கண். இடது கண். காதுக்குப் பின்னால் விரல் போய்ப் பார்த்தது. முன் முடியைச் சேர்த்து உச்சியில் தூக்கி, இறுக்காமல், ரப்பர்பேண்டு போட்டது. கண்ணை மறைத்த முடி விலகியது.

எதிரே ஜன்னல் கண்ணாடி. அதற்குப் பின்னால் முழுக்க மேகம். கண்ணாடியில் அறை தெரிந்தது.

யாரும் இல்லை. அவள் மட்டும். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நாற்காலியின் ஓட்டையும் அதற்குக் கீழே காவித் தரையும் தெளிவாகத் தெரிந்தன. அவள் அந்த ஓட்டைக்கு ஒரு சாண் மேலே, யாரோ மடியில் வைத்துக்கொண்டதுபோல இருந்தாள்.

தரையில் கிடந்த பைக்குள் போன் அடித்தது. சங்கீதா தினமும் அழைக்கும் நேரம்.

யமுனா குனியப் பார்த்தாள். சுடிதார் இடுப்பில் உள்வாங்கியது. ஒரு முழங்கை அகலத்துக்கு, வலமிருந்து இடமாக, துணி அமுங்கி மடிந்தது. இறுகவில்லை. விடவும் இல்லை. உச்சந்தலையை ஏதோ மெல்லத் தட்டிக்கொடுத்தது.

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. கண்ணாடியில் அவள் இரண்டு கால்களும் தரையைத் தொடாமல், ஆடாமல், தொங்கிக்கொண்டிருந்தன.